ரெடிமேட் பெட்டியும் அசெம்பிள் செய்த பெட்டியும்

1975 ஜனவரியில் அமெரிக்காவின் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழ் ஆல்டேர் 8800 என்ற கணினியை அட்டைப்படமாகப் போட்டது. நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகெர்க்கி நகரில் எட் ராபர்ட்ஸ் நடத்திவந்த மிட்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு அது. அதற்கு இரண்டு விலை இருந்தது. உதிரி பாகங்களாக வாங்கினால் 397 டாலர், பூட்டி முடித்த பெட்டியாக வாங்கினால் 498 டாலர். நூறு டாலர் மிச்சப்படுத்த நினைத்தவர்கள் சால்டரிங் அயர்னைச் சூடாக்கிக்கொண்டு இரவு இரவாக உட்கார வேண்டியிருந்தது. ஈயம் பற்றவைத்து முடித்த பிறகு கிடைத்தது, 256 பைட் நினைவகமும் முன்பக்கத்தில் சுவிட்சுகளும் சிவப்பு விளக்குகளும் கொண்ட ஒரு பெட்டி. திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. ஆனாலும் ரேடியோவையும் ஆம்ப்ளிஃபயரையும் சொந்தமாகச் செய்து பழகிய கைகளுக்கு அது பெரிய தடையாகத் தெரியவில்லை.

இந்த இரட்டை விலை சில ஆண்டுகள் நீடித்தது. பிரிட்டனில் 1981 மார்ச்சில் வந்த சின்க்ளேர் இசட்.எக்ஸ்.81 பாகங்களாக 49.95 பவுண்டுக்கும், தயார் நிலையில் 69.95 பவுண்டுக்கும் விற்றது. ஆனால் வியாபாரிகளுக்கு உதிரி பாகப் பொட்டலங்கள்மீது அதற்கு முன்பே நம்பிக்கை போயிருந்தது. 1976இல் கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் 'பைட் ஷாப்' கடை நடத்திய பால் டெரல், ஸ்டீவ் ஜாப்ஸிடம் 50 ஆப்பிள் 1 போர்டுகள் கேட்டபோது போட்ட நிபந்தனை ஒன்றுதான்: பொட்டலமாக வேண்டாம், சிப்புகள் பொருத்திய போர்டாக வேண்டும். அப்போதும் கேபினெட், பவர் சப்ளை, கீபோர்டு எல்லாம் வாங்குபவர் பாடு. அடுத்த ஆண்டே ஆப்பிள் 2, காமடோர் பெட், டி.ஆர்.எஸ்.80 மூன்றும் அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் பிளக்கைச் சொருகி ஓட்டும் நிலையில் வந்துவிட்டன. ஈயம் பற்றவைக்கும் காலம் கிட்டத்தட்ட அங்கேயே முடிந்தது. பாகப் பொட்டலங்களுக்குப் பேர்போன ஹீத் நிறுவனம் 1992 வரை தாக்குப்பிடித்து அந்தத் தொழிலை விட்டது.

இன்று 'சொந்தமாகக் கட்டுவது' என்று சொல்லப்படுவது அதன் தொடர்ச்சி அல்ல. அது ஸ்க்ரூ டிரைவர் ஒன்றே போதும் என்ற வேறு வகை வேலை. அதற்கு வழி திறந்தது 1981 ஆகஸ்ட் 12 அன்று வெளியான ஐ.பி.எம். பி.சி. ஃப்ளோரிடாவின் போகா ரேட்டனில் இருந்த சிறிய குழு ஒன்று, ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் பெரும்பாலான பாகங்களை வெளியிலிருந்தே வாங்கியது. பிராசசர் இன்டெலின் 8088, இயங்குதளம் மைக்ரோசாஃப்டுடையது. போர்டில் ஐந்து ஸ்லாட்டுகள். மற்றவர்கள் அந்த ஸ்லாட்டுகளுக்கு கார்டு செய்து விற்க வேண்டும் என்பதற்காக மின்சுற்று வரைபடங்களையும் கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் நிரலையும் கையேடாக அச்சிட்டு ஐ.பி.எம்.மே விற்றது. பயாஸ் மட்டும் பதிப்புரிமையின் கீழ் இருந்தது. காம்பேக் நிறுவனம் அந்த நிரலைப் பார்த்திராத பொறியாளர்களை வைத்து, அதே வேலையைச் செய்யும் இன்னொன்றை எழுதிக்கொண்டது. 1984இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் அப்படிப்பட்ட பயாஸைக் காசு கொடுக்கும் யாருக்கும் விற்கத் தொடங்கியதும் கடைசிப் பூட்டும் திறந்துவிட்டது. தைவானில் மதர்போர்டு தொழில் பெருகியது. பிந்தைய மாடலான ஐ.பி.எம். ஏ.டி.யின் போர்டில் திருகாணித் துளைகள் எங்கே இருந்தனவோ அங்கேயே எல்லோரும் துளை போட்டார்கள். எவர் செய்த போர்டும் எவர் செய்த கேபினெட்டிலும் உட்கார்ந்தது.

ஐ.பி.எம். இதை ரசிக்கவில்லை. 1987இல் பி.எஸ்./2 வரிசையோடு மைக்ரோ சேனல் என்ற புதிய ஸ்லாட்டைக் கொண்டுவந்து, அதைப் பயன்படுத்த உரிமக் கட்டணம் கேட்டது. மறு ஆண்டு காம்பேக் தலைமையில் ஒன்பது நிறுவனங்கள் சேர்ந்து ஈசா என்ற போட்டித் தரத்தை அறிவித்தன. ஈசாவும் பெரிதாக ஓடவில்லை. ஆனால் ஐ.பி.எம். சொல்வதே சட்டம் என்ற நிலை அத்தோடு போயிற்று. அந்தச் சண்டையில் ஐ.பி.எம். வென்றிருந்தால், மதர்போர்டைத் தனியாகக் கடையில் கேட்டு வாங்கும் பழக்கமே இருந்திருக்காது.

இதற்குள் ரெடிமேட் பக்கத்திலும் ஆள்கள் மாறிவிட்டார்கள். 1984இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் விடுதி அறையில் மைக்கேல் டெல் தொடங்கிய தொழில், பி.சி.க்களில் கூடுதல் பாகங்களைப் பூட்டி விற்பதுதான். அறையில் கணினி கட்டிய ஒருவர்தான் பின்னாளில் உலகிலேயே அதிகமாக ரெடிமேட் பெட்டிகளை விற்ற நிறுவனத்தின் முதலாளி. இந்த வரலாற்றில் கட்டுபவர், விற்பவர் என்ற இரண்டு சாதிகள் என்றுமே தனித்தனியாக இருந்ததில்லை.

விளையாட்டு என்பது தனித் தேவையாகத் தலையெடுத்தது 1990களில். 1993 டிசம்பரில் வந்த 'டூம்', சாதாரண 386 கணினிகளைத் திணறவைத்தது. 486 இருந்தால்தான் சரளமாக ஓடும். சத்தம் வேண்டுமானால் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டரோ அதற்கு இணையான கார்டோ வேண்டும். அலுவலகத்துக்கென்று கட்டப்பட்ட கம்பெனிப் பெட்டிகளில் இரண்டுமே குறைவு. எனவே திறந்து பூட்டியாக வேண்டும்.

அன்று அது எளிதான வேலை அல்ல. எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் ஏ.டி. வகை பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்கு ஆறு ஆறு வயர்களாக இரண்டு கனெக்டர்கள் வரும். பி8, பி9 என்று பெயர். இரண்டும் ஒரே வடிவம். இடம் மாற்றிச் சொருகினாலும் உள்ளே போய்விடும். கறுப்பு வயர்கள் நடுவில் ஒன்றோடொன்று ஒட்டி இருக்க வேண்டும் என்பது பூட்டுபவர்கள் மனப்பாடமாக வைத்திருந்த விதி. மாறியிருந்தால் சுவிட்சைப் போட்ட கணமே போர்டு காலி. பிராசசரின் வேகத்தையும் வோல்டேஜையும் போர்டில் இருந்த குட்டி ஜம்பர்களைப் பிடுங்கி மாற்றி வைத்து அமைக்க வேண்டும். 3.3 வோல்ட் 486 சிப்பை 5 வோல்ட் அமைப்பில் வைத்தால் அதன் கதையும் முடிந்தது. எல்லாம் சரியாகி டாஸ் வந்த பிறகு, சவுண்ட் கார்டு எந்த முகவரியில், எந்த இன்டரப்டில், எந்த டி.எம்.ஏ. சேனலில் இருக்கிறது என்று ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியாகச் சொல்லித்தர வேண்டும். 220, 5, 1 என்ற மூன்று எண்கள் அந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்கு வீட்டு எண்ணைப் போலத் தெரிந்திருந்தன.

இந்தத் தொல்லையைக் காசாக்கலாம் என்று கண்டுகொண்டவர்கள்தான் விளையாட்டுக்கென்றே ரெடிமேட் பெட்டி செய்தார்கள். கெல்ட் ரீவ்ஸ் 1992இல் தொடங்கிய ஃபால்கன் நார்த்வெஸ்ட், 1996இல் மயாமியில் நெல்சன் கொன்சாலஸும் அலெக்ஸ் அகிலாவும் தொடங்கிய ஏலியன்வேர், கனடாவின் கால்கரியில் ராகுல் சூத் நடத்திய வூடூபிசி ஆகியவை இந்த வகையில் பேர் வாங்கியவை. இவர்கள் எந்தப் பாகத்தையும் கண்டுபிடிக்கவில்லை. கடையில் எவரும் வாங்கக்கூடிய அதே கார்டுகளையும் போர்டுகளையும் வாங்கி, பூட்டி, சோதித்து, கேபினெட்டுக்கு கார் பெயின்ட் அடித்து, பழுதானால் கூப்பிட ஒரு தொலைபேசி எண்ணும் கொடுத்தார்கள். கூடுதல் விலை அந்த உழைப்புக்கும் உத்தரவாதத்துக்கும். அதை ஏமாற்று என்று சொந்தமாகக் கட்டுபவர்கள் பேசுவது வழக்கம். ஜம்பர் காலத்தில் பார்த்தால் அது அவ்வளவு நியாயமான குற்றச்சாட்டு அல்ல.

அடுத்து வந்த ஐந்தாறு ஆண்டுகள் கட்டுபவர்களின் பொற்காலம். 1996இல் வந்த 3டிஎஃப்எக்ஸ் வூடூ கார்டு முப்பரிமாணக் காட்சி ஒன்றை மட்டுமே வரையும். விண்டோஸ் திரைக்கு ஏற்கெனவே இருக்கும் கார்டே வேலை செய்யும். அதிலிருந்து ஒரு குட்டிக் கேபிள் வூடூவுக்குள் போய் அங்கிருந்து மானிட்டருக்குப் போகும். நினைவகச் சிப்புகளின் விலை அந்த ஆண்டு சரிந்ததால்தான் ஆர்கேட் இயந்திரங்களுக்கான அந்தத் தொழில்நுட்பம் வீட்டுக்குள் வந்தது. 'குவேக்' விளையாட்டை அந்தக் கார்டில் பார்த்தவர்கள் பழைய காட்சிக்குத் திரும்பவில்லை.

1998இல் இன்டெல் விற்ற செலரான் 300ஏ இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம். மலிவு விலைக்கென்று வந்த 300 மெகாஹெர்ட்ஸ் சிப் அது. பஸ் வேகத்தை 66இலிருந்து 100 ஆக மாற்றினால், 4.5 என்ற பெருக்கெண் பூட்டியே இருந்ததால், அது 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. பெரும்பாலான சிப்புகள் முணுமுணுக்காமல் ஓடின. அதே 450 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் விற்ற பென்டியம் 2 பல மடங்கு விலை. பெருக்கெண்ணை இன்டெல் பூட்டியதற்கு ஒரு காரணம், சிப்பின்மீது அச்சைச் சுரண்டிவிட்டு அதிக வேகத்தை அச்சடித்து விற்ற கள்ள வியாபாரம். அந்தப் பூட்டு இந்தச் சிப்பில் மட்டும் ஆட்டக்காரர்களுக்கே வசதியாகப் போனது வேடிக்கை. 2000இல் ஏ.எம்.டி.யும் தன் அத்லான், டியூரான் சிப்புகளின் பெருக்கெண்ணைப் பூட்டியது. சிப்பின் மேற்பரப்பில் எல்1 என்று குறித்த இடத்தில் அறுபட்ட நுண்ணிய பாலங்கள்தான் அந்தப் பூட்டு. பென்சில் முனையால் அந்த இடைவெளிகளின்மீது கோடு போட்டால், கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தி, பூட்டு திறந்தது. எந்தக் கம்பெனியும் பென்சில் கோட்டுக்கு வாரன்டி கொடுத்து விற்க முடியாது. அந்த ஆண்டுகளில் சொந்தமாகக் கட்டியவர்களுக்குக் கிடைத்த லாபம் ரெடிமேட் பெட்டியில் கிடைக்கவே வாய்ப்பில்லாதது.

ஆங்கிலத்தில் இந்த வரலாற்றை எழுதுபவர்கள் இரண்டே வழிகளைச் சொல்வார்கள். இந்தியாவில் பெரும்பாலோர் போனது மூன்றாவது வழியில். சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் நரசிங்கபுரம் தெருவும் ரேடியோ, டி.வி. உதிரி பாகங்களுக்குப் பேர்போனவை. 1984 நவம்பரில் வந்த புதிய கணினிக் கொள்கையும், 1991க்குப் பிறகு வந்த தாராளமயமும் இறக்குமதியை எளிதாக்கியபோது அதே கடைகளின் கண்ணாடி அலமாரிகளில் மதர்போர்டுகள் ஏறின. எச்.சி.எல்., விப்ரோ, ஜெனித் பெட்டிகள் 'பிராண்டட்'. ரிச்சி தெருவில் வாங்கியது 'அசெம்பிள்டு'.

அதை வாங்கும் முறையே தனி. கடைக்காரர் ஒரு தாளில் பிராசசர், போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க், கேபினெட், மானிட்டர், கீபோர்டு, மவுஸ் என்று வரிசையாக எழுதி எதிரே விலை போட்டுக் கொட்டேஷன் தருவார். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த கடையில் இன்னொரு கொட்டேஷன் வாங்க வேண்டும். எங்கே இருநூறு ரூபாய் குறைகிறது, எந்த வரியில் குறைகிறது என்று பார்க்கத் தெரிந்தவர் ஒருவர், பெரும்பாலும் சொந்தக்காரப் பையனோ உடன் வேலை பார்ப்பவரோ, கூடவே வருவார். விலை படிந்ததும் கடைப் பையன் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடுவான். எல்லாச் சரக்கும் அந்தக் கடையில் இருக்காது. போர்டு ஒரு டீலரிடம், ராம் இன்னொருவரிடம். ஒரு மணி நேரத்தில் டெக்னீஷியன் பூட்டி, விண்டோஸை ஏற்றிக் காட்டிவிடுவார். மானிட்டர் அட்டைப்பெட்டி மடியில், கேபினெட் காலடியில் என்று ஆட்டோவில் வீடு போய்ச் சேரும். பாகங்களைத் தேர்ந்தது வாங்கியவர், பூட்டிய கை வேறு. டெல்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா எல்லாம் இந்த மூன்றாவது வழியின் ஊர்கள்.

அசெம்பிள்டு பெட்டி மலிவாக இருந்ததற்குக் கைத்திறன் மட்டும் காரணம் அல்ல. பல கடைகளில் 'பில் வேண்டுமா, வேண்டாமா' என்று கேட்டுவிட்டுத்தான் விலை சொல்வார்கள். பில் இல்லையென்றால் வரி இல்லை. ஏற்றித் தந்த விண்டோஸ் பெரும்பாலும் நகல் சி.டி.யிலிருந்து வந்தது, உரிமத் தொகை மிச்சம். பிராண்டட் கம்பெனி இந்த இரண்டையும் கட்டியாக வேண்டும். விலைப் போட்டி தொடங்கும் முன்பே அது பின்தங்கிவிட்டது.

குறைகளும் விலைக்கு ஏற்றபடியே இருந்தன. கேபினெட்டோடு இலவசம் போல வரும் எஸ்.எம்.பி.எஸ்.தான் பலவீனமான இடம். ஸ்டிக்கரில் 450 வாட் என்று இருக்கும். கையில் தூக்கினால் காற்றாக இருக்கும். வாட்டைப் படிக்காதே, எடையைப் பார் என்பது அனுபவசாலிகளின் அறிவுரை. எழுத்து வேலைக்கும் சினிமா பார்ப்பதற்கும் அது தாங்கும். கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கிப் போட்டதும் ஆட்டத்தின் நடுவில் பெட்டி தானாக ரீஸ்டார்ட் ஆகும். பிரவுசிங் சென்டர்களில் 'கவுன்டர் ஸ்டிரைக்' ஆடிப் பழகிவிட்டு வீட்டில் கார்டு போட்ட பலருக்கு எஸ்.எம்.பி.எஸ். பற்றிய முதல் பாடம் இப்படித்தான் கிடைத்தது. வாரன்டியும் பெட்டிக்கு அல்ல, பாகத்துக்கு. போர்டுக்கு ஒரு சர்வீஸ் சென்டர், ஹார்ட் டிஸ்க்குக்கு இன்னொன்று. எது பழுது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டியது வாங்கியவர் பொறுப்பு.

உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் 1997இல் சேர்ந்த இந்தியா, 2005க்குள் கணினிகளுக்கும் பாகங்களுக்கும் சுங்க வரியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தது. பிராண்டட் விலை இறங்கியது, லேப்டாப் பெருகியது. 2017இல் வந்த ஜி.எஸ்.டி. பில் இல்லாத வியாபாரத்தைச் சுருக்கியது. அலுவலக வேலைக்கு அசெம்பிள்டு வாங்கும் கூட்டம் கரைந்து, விளையாட்டுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் வாங்குபவர்களே அந்தத் தெருக்களின் முக்கிய வாடிக்கையாளர்கள் ஆனார்கள்.

பூட்டும் வேலை இதற்கிடையே சுலபமாகிக்கொண்டே வந்தது. 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். தரம் பி8, பி9 ஆபத்தை ஒழித்தது. ஒரே கனெக்டர், ஒரு பக்கமாகத்தான் போகும். விண்டோஸ் 95க்குப் பிறகு இன்டரப்டு எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லாமல் போனது. 2003 வாக்கில் வந்த சாட்டா கேபிள் ஹார்ட் டிஸ்க் ஜம்பர்களுக்கு ஓய்வு கொடுத்தது. 2004இல் இன்டெல் பிராசசரின் கால்களையே சாக்கெட்டுக்கு மாற்றியது, சாதாரண வீட்டுக் கணினிச் சிப்புகளில் ஏ.எம்.டி. அதைச் செய்ய 2022 ஆயிற்று. தவறு செய்ய இடம் குறையக் குறைய, பூட்டித் தருவதற்குக் கேட்கும் கூலியின் நியாயமும் குறைந்தது.

பெரிய கம்பெனிகள் இதற்கு எதிர்த்திசையில் போனதுண்டு. 1990களின் இறுதியில் டெல் தன் பெட்டிகளில் ஏ.டி.எக்ஸ். போலவே தோன்றும் கனெக்டரை வைத்து, உள்ளே வயர்களின் வரிசையை மட்டும் மாற்றியிருந்தது. கடையில் வாங்கிய எஸ்.எம்.பி.எஸ்.ஸை நம்பிச் சொருகினால் போர்டு எரியும். அந்த வயரிங் பின்னர் கைவிடப்பட்டாலும், தனக்கென்று வடிவமைத்த போர்டு, தனக்கென்று வடிவமைத்த எஸ்.எம்.பி.எஸ். என்ற பழக்கம் பெரிய நிறுவனங்களின் விளையாட்டுப் பெட்டிகளில் வெகுகாலம் தொடர்ந்தது. நான்கு ஆண்டு கழித்துப் போர்டை மாற்ற நினைத்தால் கேபினெட்டையும் சேர்த்துத் தூக்கிப்போட வேண்டிவரும். ரெடிமேட் பெட்டிமீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகளில் மிகக் கனமானது இதுதான். விலை வித்தியாசம் இதற்கு அடுத்தது. 2006இல் டெல் ஏலியன்வேரையும் எச்.பி. வூடூபிசியையும் வாங்கியபோது, கடைப் பாகங்களால் கட்டும் சிறு நிறுவனங்களின் வழக்கம் பெருநிறுவனத்தின் வழக்கத்தோடு மோதியது. வூடூ என்ற பெயர் சில ஆண்டுகளில் மங்கிப்போனது. ஏலியன்வேர் பெயராக நிலைத்தது.

பெரிய கம்பெனி பாகங்களை மொத்தமாக வாங்குவதால் அதற்கு எல்லாமே மலிவு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருபவை பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும். அவற்றில் கைவைக்க மாட்டார்கள். மிச்சம் பிடிப்பது வாங்குபவர் கேட்காத இடங்களில். 16 ஜி.பி. ராமை இரண்டு 8 ஆகப் போட்டால் இரண்டு தடங்களில் தரவு போகும். ஒரே 16 ஆகப் போட்டால் ஒரு தடம்தான், விளையாட்டு வேகம் குறையும். விளம்பரத்தில் இரண்டுமே '16 ஜி.பி.'தான்.

2017க்குப் பிறகு கணக்கு தலைகீழானது. எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டக் கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்பட்டதால் 2018 தொடக்கத்தில் கார்டுகள் கடையில் இல்லை. 2020இல் கொரோனாவும் சிப் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டன. அந்த செப்டம்பரில் 699 டாலர் விலையில் அறிவிக்கப்பட்ட ஆர்.டி.எக்ஸ். 3080 கார்டு, வெளியான சில நிமிடங்களில் தீர்ந்து, இணையத்தில் இரட்டிப்பு விலைக்கு மறுவிற்பனைக்கு வந்தது. கார்டு தயாரிப்பாளர்களோடு முன்கூட்டியே ஒப்பந்தம் வைத்திருந்த பெரிய கம்பெனிகளின் பெட்டிகளில் மட்டும் அது நியாயமான விலையில் கிடைத்தது. பல ஆண்டுகளாகச் சொந்தமாகவே கட்டி வந்தவர்கள் முழுப் பெட்டியை வாங்கி, கார்டை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு மீதியை விற்றார்கள். இந்தக் காலத்தில் அசெம்பிள்டு பெட்டியே மலிவு என்ற பழைய நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் போனது. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் தோண்டும் முறையையே கைவிட்டதும், வெள்ளமாக வந்த பழைய கார்டுகளால் விலை இறங்கி, கட்டுபவர்கள் கை மறுபடி ஓங்கியது.

அது மூன்று ஆண்டுகள் நிலைத்தது. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் நினைவகச் சிப்புகளை மொத்தமாக வாங்கத் தொடங்கியதும் தனி ராமின் சில்லறை விலை சில மாதங்களில் மடங்குகளில் ஏறியது. பழைய விலையில் சரக்கு சேர்த்து வைத்திருந்த கம்பெனிகளின் ரெடிமேட் பெட்டிகள் அந்த நேரத்தில் மீண்டும் மலிவாகத் தெரிந்தன. டிசம்பரில் அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனம், வீட்டில் கட்டுபவர்களுக்கென்று 29 ஆண்டுகளாகச் சில்லறையில் ராம் விற்று வந்த குரூஷியல் என்ற தன் பெயரை மூடப்போவதாக அறிவித்தது.